நமுத்துப்போன பட்டாசுகள்

1998-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்க நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரே பட்டிமன்றம்தான். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 'டிராஃப்ட்' வரப்போகிறது, அதில் முதலில் போக வேண்டியவர் பெய்ட்டன் மேனிங்கா, ரயன் லீஃபா? இரண்டு பேருமே கல்லூரி அணிகளின் குவார்ட்டர்பேக்குகள். களத்தில் பந்தை வாங்கி, ஓரிரு நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டிய ஆள்தான் குவார்ட்டர்பேக். மேனிங்கின் அப்பா ஆர்ச்சியும் அதே இடத்தில் தொழில்முறையாக ஆடியவர். பையனுக்கு ஆட்டம் வீட்டுப் பாடம். லீஃப் மொன்டானா மாநிலத்துப் பையன். ஆறடி ஐந்து அங்குலம், எறிகிற கையில் அபார பலம். 67 ஆண்டுகளாக ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் பக்கமே போகாத வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியை அங்கே கூட்டிக்கொண்டு போனவர். மேனிங் பத்திரமான தேர்வு, லீஃப்தான் உச்சத்துக்குப் போகக்கூடியவர் என்று சொன்ன நிபுணர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

முதல் வாய்ப்பு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு. அவர்கள் மேனிங்கை எடுத்தார்கள். அடுத்த இடத்தில் லீஃபை எடுத்த சான் டியேகோ சார்ஜர்ஸ், ஒரு குறையும் இல்லை என்று மகிழ்ந்தது. அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. மேனிங் ஐந்து முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கி, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை இரண்டு முறை வென்று, 2021-இல் புகழரங்கில் இடம் பிடித்தார். லீஃப் 25 ஆட்டங்களில் ஆடி, 14 டச்டவுன்களுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பதற்கு, எறிந்து, 36 முறை எதிரணியின் கைக்கே எறிந்து கொடுத்துவிட்டு, 26 வயதில் ஆட்டத்தை விட்டார்.

இப்படி ஆகிறவர்களை அமெரிக்கர்கள் 'பஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். நம் பேச்சில் சொன்னால் நமுத்துப்போன பட்டாசு. பெட்டியின் மேல் பெரிய படம், விலையும் ஜாஸ்தி, திரியில் நெருப்பு வைத்தால் புகை மட்டும் வரும். ஆண்டுதோறும் ஏப்ரல் வந்தால் இந்தப் பெயர்களை வரிசைப்படுத்திச் சிரிப்பது அங்கே ஒரு பருவகாலப் பொழுதுபோக்கு. எனக்கு அந்தப் பட்டியல்களில் ஒரு குறை தெரிகிறது. பட்டாசு தானாக நமுப்பதில்லை. எந்த ஈரத்தில் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியை அவை கேட்பதே இல்லை.

முதலில் இந்த டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இங்கே பேசுவது நம் கால்பந்தைப் பற்றி இல்லை. தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக முட்டி மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை ஆண்டுக்கு ஒருமுறை இந்த அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி இதில் யாரும் விலையைக் கூட்டிக் கேட்க முடியாது. போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. எந்த ஊர், எந்த அணி என்று வீரருக்குத் தேர்வே கிடையாது. நம் ஊர் பொறியியல் கலந்தாய்வைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள்: மாநிலத்தில் முதலிடம் வாங்கிய மாணவர், ஆய்வகமே இல்லாத, ஆசிரியர்கள் ஆண்டுக்கொருமுறை மாறுகிற கல்லூரியில்தான் சேர்ந்தாக வேண்டும். அதுதான் டிராஃப்ட்.

இதற்குக் காரணகர்த்தா பெர்ட் பெல். 1930-களில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். நல்ல வீரர்களை நாலைந்து வசதியான அணிகளே அள்ளிக்கொண்டு போக, அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. இளைத்தவனுக்கு முதல் பந்தி என்று அவர் வைத்த யோசனையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள, 1936-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் டிராஃப்ட் நடந்தது. லீக் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 21, 22 வயதுப் பையனின் பக்கமிருந்து பார்த்தால், அவனிடம் எவ்வளவுக்கெவ்வளவு திறமை இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு மோசமான வீட்டில் வாழ்க்கைப்பட வேண்டும்.

சரி, லீஃபுக்கு வருவோம். சார்ஜர்ஸ் கையில் இருந்தது மூன்றாவது வாய்ப்பு. ஒரே ஒரு படி மேலே ஏறி இரண்டாவது வாய்ப்பைப் பெற, அரிசோனா அணிக்கு அவர்கள் கொடுத்தது அந்த மூன்றாவது வாய்ப்பு, அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பு, ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பு, போதாததற்கு இரண்டு வீரர்கள். மேனிங், லீஃப் இருவரில் யார் மிஞ்சினாலும் போதும் என்று முன்பணம் கட்டிய மாதிரி. லீஃபுக்கு நான்கு ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். அதில் 1 கோடிக்கும் அதிகமான தொகை கையெழுத்துப் போட்டதற்கே.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் சார்ஜர்ஸ் வென்றது. மூன்றாவது ஆட்டம் கான்சஸ் சிட்டியில். லீஃப் 15 முறை எறிந்தார். ஒன்றே ஒன்றுதான் தன் ஆள் கைக்குப் போனது. அதில் கிடைத்த தூரம் 4 கெஜம். இரண்டு எறிகள் எதிரணியிடம் பிடிபட்டன. கையிலிருந்து நழுவவிட்ட பந்துகள் தனிக்கணக்கு. மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபரைப் பார்த்து அவர் கத்திய காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டன. ஆட்டத்தைவிட அந்தச் சில நொடிகள்தான் அவருடைய அடையாளமாகிப்போனது. ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள். ஒன்பது ஆட்டங்கள் ஆடியதும் லீஃபை உட்கார வைத்தார்கள். அந்த சீசனில் அவர் கணக்கு 2 டச்டவுன், 15 பறிகொடுப்பு. அடுத்த சீசன் முழுக்கத் தோள் காயம். 2000-இல் அணி 16-இல் ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றது, லீஃபை அனுப்பிவிட்டார்கள்.

அதே 1998-இல் மேனிங் என்ன செய்தார்? 28 முறை பந்தைப் பறிகொடுத்தார். புதுமுக வீரர் ஒருவர் ஒரு சீசனில் இத்தனை முறை பறிகொடுத்ததில்லை என்ற சாதனை அது. கோல்ட்ஸ் வென்றது 3, தோற்றது 13. அந்த மூன்றில் முதலாவது, லீஃபின் சார்ஜர்ஸை 17-12 என்று வென்ற ஆட்டம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பையன்களுமே அந்த ஆண்டு தடுமாறியிருக்கிறார்கள். ஆனால் மேனிங்கை யாரும் உட்கார வைக்கவில்லை. எறி, தப்பு பண்ணு, மறுபடி எறி என்று விட்டார்கள். அடுத்த ஆண்டு கோல்ட்ஸ் 13 வென்று 3 தோற்றது.

இதற்காக லீஃப் மேல் தப்பே இல்லை என்று வாதாட வரவில்லை. உடன் ஆடியவர்களோடு சண்டை, பயிற்சியில் அலட்சியம், யார் சொன்னாலும் கேட்காத வீம்பு என எல்லாம் இருந்தது. பிற்காலத்தில் அவரே அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவருகிறார். வலி மாத்திரைப் பழக்கம் முற்றி, மொன்டானாவில் வீடு புகுந்து மாத்திரை திருடிய வழக்கில் சிறைக்குப் போனார். 2014 டிசம்பரில் வெளியே வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளுக்குச் சொல்லிக்கொடு என்று அறைத் தோழர் ஒருவர் பிடித்துத் தள்ளியதுதான் தன்னைத் திருப்பியது என்று சொல்லியிருக்கிறார். இப்போது போதையிலிருந்து மீள்வோருக்காகப் பேசுகிறார், ஆட்டங்களுக்கு வர்ணனையும் செய்கிறார். மேனிங்கின் இடத்தில், மேனிங்குக்குக் கிடைத்த பொறுமையோடு வைத்திருந்தால் லீஃப் மேனிங் ஆகியிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 26 வயதில் ஓய்வு பெற்றிருப்பாரா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான சாட்சிகள் இருக்கிறார்கள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2002-இல் புத்தம் புதிதாகத் தொடங்கிய அணி. முதல் வாய்ப்பில் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் மதில் மாதிரி நின்று எதிராளிகளைத் தடுக்க வேண்டும். அந்த மதிலுக்கு மூலைக்கல்லாக டெக்சன்ஸ் வாங்கிவைத்த டோனி போசெல்லி, தோள் காயத்தால் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. விளைவு, அந்த ஒரே சீசனில் காரை 76 முறை பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்த்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து முறை. இன்றுவரை அதுதான் லீக் சாதனை. நூற்றிருபது கிலோ மனிதர்கள் ஓடிவந்து மோதுகிற வேகத்தை யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டில் மொத்தம் 249 முறை. நிமிர்ந்து களத்தைப் பார்க்க வேண்டிய கண்கள் எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று தேட ஆரம்பித்துவிட்டால், கையில் எவ்வளவு பலம் இருந்து என்ன? காருக்கும் மூன்று ஆண்டு முன்னால், மறுபிறவி எடுத்த கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் முதல் தேர்வான டிம் கவுச் கதையும் இதேதான். புதுமுக சீசனில் 56 முறை சாய்ந்தார். இரண்டு பெயரும் ஏமாற்றத் தேர்வுகளின் பட்டியலில் இன்றும் தவறாமல் வரும். மதிலைக் கட்டாதவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

அலெக்ஸ் ஸ்மித் விஷயத்தில் பட்டமே திரும்பப் பெறப்பட்டது. 2005-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் முதல் தேர்வு. முதல் ஆண்டில் 1 டச்டவுன், 11 பறிகொடுப்பு. அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் ஆட்டங்களின் பெயர்கள், குறிச்சொற்கள், கால் வைக்கும் முறை எல்லாமே புதுசு. ஆண்டுதோறும் பாடத்திட்டமும் ஆசிரியரும் மாறுகிற வகுப்பில் ஒரே மாணவன் ஆறு வருடம் உட்கார்ந்திருந்த மாதிரி. 2011-இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும் அதே ஸ்மித், அதே கை, அணி 13 ஆட்டங்களை வென்றது. ஸ்மித்தை எடுத்த அன்று அந்த அணி வேண்டாம் என்று விட்ட உள்ளூர்ப் பையன் ஆரன் ராஜர்ஸ், 24-ஆவது இடம்வரை கேமராக்களுக்கு முன் காத்துக்கிடந்து, பிறகு கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்து தொழில் கற்று, பெரும் வீரரானார். இருவரும் இடம் மாறியிருந்தால் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடிவதில்லை.

எல்லாப் பழியையும் அணிகளின் மேல் போடவும் முடியாது. சில சமயம் பட்டாசே போலி. 1989-இன் டோனி மாண்டரிச் அப்படி ஒருவர். மிச்சிகன் ஸ்டேட்டில் தடுப்பு வரிசையில் ஆடியவர். ஆறடி ஐந்து அங்குலம், 140 கிலோவைத் தாண்டிய உடம்பு, அந்த உடம்போடு ஓட்டக்காரர் வேகம். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அவரைச் சட்டையில்லாமல் அட்டையில் போட்டது. அந்த ஆண்டின் முதல் ஐந்து தேர்வுகளைப் பாருங்கள்: டிராய் ஏய்க்மன், மாண்டரிச், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியோன் சாண்டர்ஸ். மற்ற நால்வரும் புகழரங்கில் இருக்கிறார்கள். கிரீன் பே தேர்ந்தெடுத்த மாண்டரிச் மூன்று சீசன்களில் ஒன்றும் தேறாமல் போக, 1992-இல் அதே இதழ் அவரை மறுபடி அட்டையில் போட்டது, இந்த முறை கேலியாக. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததை 2008-இல் ஒப்புக்கொண்டார். அதுமட்டுமா, கிரீன் பே நாட்களில் குடியும் வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டிருந்தன. பழக்கங்களை விட்டு, 1996-இல் கோல்ட்ஸ் அணிக்குத் திரும்பி மூன்று சீசன் மரியாதையாக ஆடினார் என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மாண்டரிச் ஏமாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். ஏமாந்தவர்கள் எதைப் பார்த்து ஏமாந்தார்கள்? இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் 'கம்பைன்' என்ற சோதனை முகாம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. அரைக்கால் சட்டையோடு 40 கெஜம் ஓட வேண்டும். 102 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை முறை தூக்க முடியும் என்று எண்ணுவார்கள். உயரம், எடை, கைநீளம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள். மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த முகாம் புதிதாகத் தோன்றாது. ஒஹாயோ ஸ்டேட்டின் வெர்னான் கோல்ஸ்டன் அந்த எடையை 37 முறை தூக்கினார். கல்லூரியின் கடைசி சீசனில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 14 முறை சாய்த்திருந்தார். நியூயார்க் ஜெட்ஸ் 2008-இல் ஆறாவது இடத்தில் எடுத்தது. மூன்று ஆண்டு, 45 ஆட்டம், அவர் சாய்த்த குவார்ட்டர்பேக்குகளின் எண்ணிக்கை சுழியம். தப்பாகப் படித்துவிடவில்லை, ஒன்றுகூட இல்லை. எடையைத் தூக்கும்போது இரும்பு ஏமாற்றாது. எதிரே நிற்கிற தடுப்பாளர் ஏமாற்றுவார்.

40 கெஜ ஓட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2017-இல் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடி, அதுவரையிலான கம்பைன் சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. அடுத்த பத்தாவது இடத்துக்கு விலை கொடுத்து ஏறிவந்த கான்சஸ் சிட்டி எடுத்த பையன் பெயர் பேட்ரிக் மஹோம்ஸ். அதே டிராஃப்டில் சிக்காகோ, மூன்றிலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற மேலும் மூன்று வாய்ப்புகளைக் கொடுத்து எடுத்த குவார்ட்டர்பேக் மிட்செல் ட்ரூபிஸ்கி. கல்லூரியில் அவர் முதன்மை ஆட்டக்காரராக இறங்கியது மொத்தம் 13 ஆட்டங்களில்தான். மஹோம்ஸ் ஏன் அத்தனை பேர் கண்ணிலும் படவில்லை என்று இப்போது கேட்பது சுலபம். அவர் எறிகிற விதம் பாடப்புத்தகத்தில் இல்லாத விதம். அன்றைக்கு அதுவே குறையாகத் தெரிந்தது.

பணம் வந்த வழியும் ஆட்களைக் கெடுத்தது. 2007-இன் முதல் தேர்வு ஜமார்கஸ் ரஸல். மண்டியிட்டபடியே பந்தை 60 கெஜம் எறிவார் என்று பேச்சு. ஓக்லாந்து ரெய்டர்ஸ் எடுத்தது. அப்போதெல்லாம் புதுமுகங்களின் சம்பளத்துக்கு இறுக்கமான வரையறை இல்லை. ஒவ்வொருவரும் பேரம் பேசலாம். ரஸல் பேரம் முடிந்து கையெழுத்திட்டது செப்டம்பர் 12-இல். அதற்குள் பயிற்சி முகாம் முழுக்க முடிந்து, சீசனே தொடங்கிவிட்டிருந்தது. உறுதியாகக் கிடைக்கும் தொகை மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். எடை ஏறியது, உழைப்பு குறைவு என்ற புகார் வந்தது. ஆட்டக் காணொளி என்று சொல்லி, வீட்டில் பார்க்க ஒன்றும் பதியாத வெற்று வட்டைக் கொடுத்தார்களாம், மறுநாள் பார்த்துவிட்டேன் என்றாராம் என்று ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையான கதை என்பதாலேயே அதை அளவோடு நம்புவது நல்லது. பதிவில் இருப்பது இது: 25 ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து இறங்கி 7 வெற்றி, 18 தோல்வி. 2010 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அடுத்த இடத்தில் போனவர் கால்வின் ஜான்சன், மூன்றாவது ஜோ தாமஸ், ஏழாவது ஏட்ரியன் பீட்டர்சன்.

ரஸல் மாதிரி அனுபவங்களால் அணி உரிமையாளர்கள் வெகுண்டிருந்தார்கள். மூத்த வீரர்களுக்கும் கடுப்பு. ஓர் ஆட்டம்கூட ஆடாத பையன் தங்களைவிடப் பல மடங்கு வாங்கினால் இருக்காதா? 2010-இன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியான தொகை 5 கோடி டாலர். 2011-இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகச் சம்பளத்துக்குப் படிநிலை அட்டவணை போட்டது. அந்த ஆண்டின் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே 2.2 கோடி. ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே. அதற்குப் பிறகு தவறான தேர்வு ஓர் அணியின் கஜானாவைக் காலி செய்வதில்லை.

ஆனால் வாய்ப்புகளைக் கொட்டிக் கொடுத்து மேலே ஏறுகிற வெறி மட்டும் குறையவில்லை. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு விலைப்பட்டியல் வைத்திருந்தார். முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, 32-ஆவதுக்கு 590. பண்டமாற்று பேசும்போது கூட்டிப் பார்க்க வசதி. மெல்ல மெல்ல லீக் முழுக்க அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொண்டது. அந்த விலை நியாயமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். தேலர் பிற்காலத்தில், 2017-இல், பொருளாதார நோபல் வாங்கியவர். ஒரே இடத்தில் ஆடுகிற இரண்டு வீரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். சுமார் 52 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டால் 50. அந்த இரண்டு விழுக்காட்டு ஞானத்துக்குத்தான் அணிகள் வருங்காலத்தையே அடகு வைக்கின்றன. பழைய சம்பள முறையில், கொடுத்த காசுக்குக் கிடைத்த பலனைப் பார்த்தால் முதல் சில தேர்வுகளைவிட இரண்டாம் சுற்றுத் தேர்வுகள்தான் லாபம் என்பதும் அவர்கள் கண்டது.

அடகுக் கதைகளில் எனக்குப் பிடித்தது 1999-இல் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஆட்டக்காரர் மேல் பைத்தியமாக இருந்தார். மூன்றாவது வாய்ப்பு வைத்திருந்த சின்சினாட்டிக்கு ஒன்பது வாய்ப்புகள் தருகிறேன் என்றார். சின்சினாட்டி மறுத்துவிட்டு அக்கிலி ஸ்மித் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. தொடக்கத்திலிருந்து இறங்கிய 17 ஆட்டங்களில் அவர் வென்றது 3. டிட்கா விடவில்லை. அந்த ஆண்டின் தன் அணி வாய்ப்புகள் அனைத்தையும், மறு ஆண்டின் இரண்டையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து ரிக்கியை வாங்கினார். அந்தச் சீசன் முடிந்ததும் டிட்காவுக்கு வேலை போயிற்று. விற்க மறுத்தவரும் கெட்டார், வாங்கியவரும் கெட்டார்.

கிளீவ்லாந்து இன்னொரு ரகம். 2012-இல் மூன்றாவது இடத்தில் டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. மறு ஆண்டே அவரைக் கோல்ட்ஸுக்குக் கொடுத்து முதல் சுற்று வாய்ப்பு ஒன்றை வாங்கிக்கொண்டது. ரிச்சர்ட்சன் அங்கே அந்தச் சீசனில் ஒரு முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சராசரியாக 2.9 கெஜம்தான் போனார். அட, கிளீவ்லாந்து ஒருமுறையாவது சாமர்த்தியமாக நடந்துகொண்டதே என்று எல்லாரும் வியந்தார்கள். கோல்ட்ஸிடமிருந்து வந்த அந்த வாய்ப்பை வைத்து 2014-இல் நாலு இடம் மேலே ஏறி அவர்கள் எடுத்த ஆள் ஜானி மான்ஸியல். இரண்டே சீசனில் அவர் கதை முடிந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோ 2021-இல் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்து, மூன்றாவது இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. நான்கு ஆட்டங்களில் மட்டும் தொடக்கத்திலிருந்து இறங்கிய அவரை, 2023-இல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்குத் தள்ளிவிட்டது. இடையில் அவர் கணுக்கால் உடைந்திருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர் பிராக் பர்டி, 2022 டிராஃப்டின் கடைசியிலும் கடைசி, 262-ஆவது தேர்வு. கடைசித் தேர்வைக் கேலியாக 'யாருக்கும் வேண்டாதவர்' என்ற பொருளில் ஒரு பட்டம் கொடுத்து விழா எடுப்பது அங்கே வழக்கம். அந்த வேண்டாதவர்தான் அணியை 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனார். நல்ல வீடு கிடைத்தால் கடைசிப் பிள்ளையும் தேறும் என்பதற்கு இது சாட்சி. அந்த வீட்டிலேயே மூன்றாவது தேர்வு தேறவில்லை என்பது என் வாதத்துக்கு இடிக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

யாருடைய குறையும் இல்லாமல் உடம்பே கைவிடுவதும் உண்டு. 2003-இல் டெட்ராய்ட் இரண்டாவது இடத்தில் எடுத்த சார்ல்ஸ் ராஜர்ஸ் நன்றாகத்தான் தொடங்கினார். ஐந்து ஆட்டத்தில் மூன்று டச்டவுன். கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில், தொடங்கிய சற்று நேரத்திலேயே மறுபடி உடைந்தது. வலி மாத்திரை, போதை, லீகின் தடை என்று சரிந்து, மொத்தம் 15 ஆட்டங்களோடு முடிந்தது. 2019-இல் இறந்தபோது அவருக்கு வயது 38. இவரையும் அந்தச் சிரிப்புப் பட்டியல்களில் போடுகிறார்கள். எனக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை.

பட்டியல்கள் அவசரப்படுவதற்கு 2018-ஆம் ஆண்டே போதும். முதல் தேர்வு பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லாந்துக்கு. மூன்றாவது சாம் டார்னால்ட், நியூயார்க் ஜெட்ஸுக்கு. மேஃபீல்டுக்கு முதல் மூன்று சீசன்களில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். டார்னால்ட் ஓர் ஆட்டத்தின் நடுவே தன் கண்ணுக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி நாடு முழுக்க ஒளிபரப்பானது. 2022-இல் இரண்டு பேரும் ஒரே அணியில், காரொலைனாவில், ஒரே வேலைக்குப் போட்டி போட்டார்கள். இரண்டு பேரையுமே ஊர் கைகழுவியிருந்தது. மேஃபீல்ட் அடுத்த ஆண்டு டாம்பா பே போய் அணியைத் தன் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். டார்னால்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓராண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2024-இல் மினசோட்டாவுக்குப் போய் 17-இல் 14 ஆட்டங்களை வென்று கொடுத்தார். நமுத்தது என்று பரணில் வீசியதை யாரோ எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறார்கள்.

டிராஃப்டின் வரலாற்றில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர். சிக்காகோ பல்கலைக்கழக மாணவர். சிறந்த கல்லூரி வீரருக்கான, பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று புகழ்பெற்ற விருதை முதலில் வாங்கியவரும் அவரே. 1936-இல் பெர்ட் பெல்லின் ஈகிள்ஸ் அவரை எடுத்தது. கேட்ட சம்பளம் கட்டுப்படியாகாமல் சிக்காகோ பேர்ஸுக்கு உரிமையை மாற்றிவிட்டது. அங்கேயும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் ரப்பர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனார், பிறகு சொந்தத் தொழில் தொடங்கி நன்றாகவே வாழ்ந்தார். என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை எந்தப் பட்டியலும் ஏமாற்றம் என்று சொல்வதில்லை. அந்தக் கோப்பை வெகுகாலம் உறவினர் வீட்டில், காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நின்றது.